கரி மூட்டைக்கு உண்மைப் பெயர் வேண்டும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் தரிசு நிலங்களிலும் ஏரி உட்புறங்களிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நெல் அரைக்கும் ஆலைகளின் பின்புறம் உமி குன்றாகக் குவிகிறது. நிலக்கடலைத் தோலுக்கும் நம்மிடம் குறைவில்லை. இவற்றைக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, வெளிநாட்டுக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்ற யோசனை விவசாயிகளிடையே எழுவது இயல்பே. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கருவேலங்கரியும், காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதிகளில் கொட்டாங்கச்சிக் கரியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆகவே இந்த யோசனையை நாம் எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆயினும் அதில் இறங்குவதற்கு முன் அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அணைந்துவிட்டது என்று நாம் எண்ணும் கரி, பல சமயங்களில் நீறு பூத்த நெருப்பே. அதைக் கப்பலில் ஏற்றும்போது அதற்குரிய பெயரை மூட்டையின் மீதும் காகிதத்திலும் உள்ளபடி எழுதாமல் அனுப்புவது, முகம் அறியாத மாலுமிகளின் உயிரோடும், நம்மைப் போன்ற பிற உற்பத்தியாளர்களின் உடைமையோடும் விளையாடுவதாகும். 2026-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இவ்விஷயத்தில் சர்வதேசக் கடல் விதியும் கடுமையாகியிருக்கிறது. அந்த விதி என்ன கூறுகிறது, அது ஏன் வந்தது, சிறு உற்பத்தியாளர் அதற்கு எவ்வாறு ஈடு கொடுக்கலாம் என்பவற்றைப் பற்றி நமது கருத்தை இங்கே கூற விரும்புகிறோம்.

கறுப்பெல்லாம் ஒன்றல்ல

கடைத்தெருவில் கரித்தூள் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் பொருள், கப்பல் துறையில் பல பெயர்களைப் பெறுகிறது. அவற்றின் குணமும் அபாயமும் வேறு வேறு. இதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, மரம், கொட்டாங்கச்சி, உமி, எலும்பு முதலியவற்றைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கரி. தாவரங்களிலிருந்தோ பிராணிகளிலிருந்தோ கிடைத்த கரி என்று இதற்கு ஐக்கிய நாடுகள் பட்டியலில் பெயர், எண் 1361. இது தானே சூடேறும் பொருள்களுக்கு உரிய 4.2 என்ற வகுப்பைச் சேர்ந்தது.

இரண்டாவது வகை, ஆக்டிவேட்டட் கார்பன் என்று வணிகர்கள் கூறும் கிளர்வூட்டிய கரி. குடிநீரைச் சுத்தி செய்யவும், சர்க்கரைப் பாகின் நிறத்தை நீக்கவும், தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் இது பயன்படுகிறது. நமது மாநிலத்துக் கொட்டாங்கச்சிக் கரியின் பெரும் மதிப்பு இதில்தான் இருக்கிறது. இதன் எண் 1362. இதுவும் 4.2 வகுப்பில் வைக்கப்பட்டதே. எனினும் நீராவி முறையில் கிளர்வூட்டப்பட்டதற்கும், முறையான சோதனையில் தேறி அதற்குரிய சான்று பெற்றதற்கும் விலக்கு உண்டு.

மூன்றாவது வகை கார்பன் பிளாக். இது விறகுக் கரி அன்று. கனமான எண்ணெய்களைப் போதிய காற்றின்றி எரித்துப் பெறும் மிக நுண்ணிய கரும்பொடி. டயரின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இதுவே. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இதைச் செய்யும் ஆலைகள் உள்ளன. நமது மாவட்டத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் டயர் ஆலைகள் உள்ளன. இந்தக் கனிம மூலக் கரி தானே சூடேறும் வகுப்பில் சேருவதில்லை. அதனால் தீங்கே இல்லை என்று கொள்ளலாகாது. அதன் தூசியைச் சுவாசிப்பது நல்லதன்று. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற ஐயப்பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை 1996-ம் ஆண்டிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் அது வேறு அபாயம். அதற்கு வேண்டிய ஜாக்கிரதையும் வேறு.

மூன்றும் கறுப்பு, மூன்றும் தூள், மூன்றும் கையில் ஒட்டும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். உண்மைச் சரிகையும் போலிச் சரிகையும் சேலையில் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. அவற்றில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதைச் சோதனைதான் சொல்கிறது. சங்கத்தின் முத்திரை அந்தச் சோதனைக்குப் பிணையாக நிற்கிறது. கரி மூட்டையின் மீது எழுதும் எண்ணும் அத்தகைய முத்திரையே. போலிச் சரிகையை உண்மைச் சரிகை என்று விற்றால் வாங்குபவருக்குப் பண நஷ்டம். கரியை வேறு பெயரால் அனுப்பினாலோ உயிர் நஷ்டம்.

கரி ஏன் தானே சூடாகிறது?

ஈரம் காயாத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறி ஆவி கிளம்புவதை ஒவ்வொரு விவசாயியும் பார்த்திருப்பார். கவனியாது விட்டால் போர் தானே பற்றிக்கொள்வதும் உண்டு. எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவையும் துணியையும் மூலையில் குவித்து வைப்பது ஆபத்து என்பதை ஆலைத் தொழிலாளர் அறிவார்கள். எண்ணெய்ப் பிண்ணாக்கு, கொப்பரை, எண்ணெய் பட்ட பஞ்சுக் கழிவு ஆகியவையும் கரியோடு அதே 4.2 வகுப்பில்தான் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் இந்த அபாயம் புதியதன்று. பெயர் மட்டுமே புதியது.

வைக்கோலில் சூட்டைத் தொடங்கி வைப்பவை நுண்ணுயிர்கள். கரியில் அந்த வேலையைக் காற்றே செய்கிறது. மூட்டத்திலிருந்து புதிதாக எடுத்த கரியின் உள்ளே எண்ணற்ற நுண் துளைகள் இருக்கின்றன. அவை காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. அப்படி இழுக்கும்போது சிறிது வெப்பம் பிறக்கிறது. கரியைத் தட்டிலே பரப்பியிருந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் நடுவில் தங்கிவிடும். தங்கிய வெப்பம், மேலும் பிராணவாயுவை இழுக்கும் வேகத்தைக் கூட்டும். இவ்வாறு வெப்பம் வெப்பத்தை வளர்த்து, வெளிப்புறம் குளிர்ந்திருக்கையிலேயே உள்ளே கனல் பிடித்துவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள கரிக் கட்டியையும், பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள கட்டியையும் ஒப்பிடுவோம். இரண்டாவதில் கரி 27 மடங்கு. வெப்பம் வெளியேறுவதற்கு உரிய மேற்பரப்போ 9 மடங்குதான். எனவே குவியல் பெரிதாகப் பெரிதாக அபாயம் வளருகிறது. பக்கம் 3 மீட்டர் உள்ள கன சதுரமாக, அதாவது 27 கன மீட்டராக, விறகுக் கரியைக் குவித்தால், சுற்றுப்புற வெப்பம் 50 டிகிரி சென்டிகிரேடை எட்டினாலே அது தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். இந்த அளவைத்தான் உலகம் உரைகல்லாக வைத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பொருளைத் தானே சூடேறும் வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் ஐக்கிய நாடுகள் சோதனை, விறகுக் கரியின் இந்தக் குணத்தை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டது.

20 அடிக் கப்பல் பெட்டி ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். நமது கோடையில், வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆறாத கரியைப் பெட்டி நிறைய அடைத்துப் பூட்டி அனுப்புவது எத்தகைய காரியம் என்பது சொல்லாமலே விளங்கும். தூளாக இருந்தால் இன்னும் மோசம். இடிக்கும்போது புதிய மேற்பரப்பு வெளிப்படுவதால், ஆறிய கரியும் மறுபடி பிராணவாயுவை இழுக்கத் தொடங்குகிறது.

பெயரை மறைத்ததன் பலன்

கப்பல் நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்தும் விபத்துத் தகவல் அமைப்பின் கணக்குப்படி, 2015 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை கரிச் சரக்கினால் கப்பல்களில் நேர்ந்த தீ விபத்துகள் குறைந்தது 68. 2015 நவம்பரில் ஜெர்மனியின் எல்ப் நதி முகத்துக்கு அருகே எம்.எஸ்.சி. கத்ரீனா என்ற கப்பலிலும், 2016 பிப்ரவரியில் செங்கடலில் லுட்விக்ஸ்ஹாபன் எக்ஸ்பிரஸ் என்ற கப்பலிலும் கரிப் பெட்டிகள் தீப்பற்றின. இரண்டையும் ஜெர்மானியக் கடல் விபத்து விசாரணை அலுவலகம் ஆராய்ந்தது.

இவற்றைவிட நமக்குப் பாடமாக அமைவது 2019-ம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜனவரி 3-ந் தேதி, கொழும்பிலிருந்து கானடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தை நோக்கிச் சென்ற யாண்டியன் எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் அட்லாண்டிக் கடலின் நடுவே தீப்பற்றியது. குளிர்காலக் கடலில் மாலுமிகள் கப்பலை விட்டு இழுவைக் கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று. தீயை அடக்கப் பல நாட்கள் ஆயின. காரணத்தை ஐயமற நிறுவ முடியவில்லை என்று கூறிய விசாரணை அலுவலகம், தேங்காய் உருண்டை என்று சாதுவான பெயரோடு வந்த ஒரு பெட்டியில் உண்மையில் இருந்தது கொட்டாங்கச்சிக் கரியாகவே இருக்க வேண்டும் என்று கருதியது. கரி என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டியைக் கப்பலில் எங்கே வைப்பது, எதற்கு அருகில் வைக்கலாகாது, புகை கண்டால் என்ன செய்வது என்பவற்றைக் கப்பல் தலைவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார். அந்த வாய்ப்பையே பெயர் மாற்றம் பறித்துவிடுகிறது.

நமது கரைக்கு அருகிலும் ஓர் எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் 9-ந் தேதி கேரளக் கடலில் வான்ஹாய் 503 என்ற கப்பல் எரிந்தது. மாலுமிகள் நால்வர் காணாமற் போயினர். அது கரியினால் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அபாயப் பொருள்கள் அடங்கிய பெட்டிகள் நூற்றுக்கு மேல் அதில் இருந்தன. எரியும் கப்பலை அணுகும் கடலோரக் காவற்படையினர் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியது சரக்குப் பட்டியல் ஒன்றைத்தான். அதில் ஒரு வரி பொய்யானால் அவர்கள் குருடர்களாகிவிடுகிறார்கள்.

நெசவாளருக்கு இதில் என்ன?

நாம் கரி விற்கப் போவதில்லை, பட்டும் பருத்தியும் அல்லவா நமது தொழில் என்று நெசவாளர்கள் கேட்கலாம். கடல் வாணிகத்தில் மிகப் பழைய நியதி ஒன்று உண்டு. கப்பலையும் சரக்கையும் பொது அபாயத்திலிருந்து காப்பாற்றுவதற்காகச் செய்த செலவையும் தியாகத்தையும், அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பொதுச் சேதப் பங்கீடு என்று அதற்குப் பெயர். யாண்டியன் எக்ஸ்பிரஸ் விபத்துக்குப் பின்பும் அது அறிவிக்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கைத்தறிப் பொதிகள் தீப்படாமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும், பங்குத் தொகைக்குப் பிணை கட்டும் வரையில் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. இன்ஷ்யூரன்ஸ் செய்திருந்தால் அந்த நிறுவனம் பொறுப்பேற்கும். செய்யாதிருந்தால் சங்கமே கட்ட வேண்டும். மாதக் கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்தவருடைய கூலி, யாரோ ஒருவர் கரிக்குப் போட்ட பொய்ப் பெயருக்காக அடைபட்டு நிற்கும். ஆதலால் கரியின் பெயர் கரிக்காரரின் சொந்த விவகாரமன்று. ஒரே கப்பலில் பயணம் செய்யும் எல்லாப் பொருள்களுக்கும் உரியவர்களுடைய விவகாரமாகும்.

புதிய விதி கூறுவது

அபாயப் பொருள்களை ஏற்றிச் செல்வது பற்றிய ஐக்கிய நாடுகளின் பரிந்துரைகள் முதன்முதலில் 1956-ம் ஆண்டில் வெளியாயின. அவற்றை ஒட்டிய கடல்வழி விதித்தொகுப்பு 1965-ம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2004-ம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது திருத்தப்படுகிறது.

சமீபகாலம் வரை அதில் ஒரு வாயில் திறந்திருந்தது. கரியின் மாதிரியைச் சோதனைச் சாலையில் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கம்பிக்கூட்டில் இட்டு, 140 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். அது மிதமிஞ்சிச் சூடேறவில்லையென்றால், அபாயமற்ற சரக்காகக் கருதி அனுப்பலாம். சோதனையில் குறையில்லை. ஆனால் சோதனைக்குப் போன கைப்பிடிக் கரியும், பெட்டியில் ஏறிய 10, 15 டன் கரியும் ஒரே மூட்டத்தைச் சேர்ந்தவை என்பதற்கு என்ன உறுதி? நன்றாக ஆறிய மாதிரிக்குச் சான்று பெற்று, நேற்றுச் சுட்ட கரியை ஏற்றினால், சான்று தீயைத் தடுக்காது.

ஆகவேதான் திருத்தப்பட்ட விதி, கிளர்வூட்டாத மரக்கரி, கொட்டாங்கச்சிக் கரி முதலிய 1361-ம் எண் சரக்குக்கு அந்த வாயிலை அடைத்துவிட்டது. இனி அது எப்போதும் 4.2 வகுப்பே. அதன் முக்கிய நிபந்தனைகள் வருமாறு: சுட்ட கரியை, மூட்டை கட்டுமுன், மேற்கூரையின் கீழ்க் காற்றோட்டத்தில் குறைந்தது 14 நாட்கள் ஆறவிட வேண்டும், இதற்கு மாற்றாக விதி ஏற்கும் குளிர்விப்பு முறையும் உண்டு. கட்டும் நாளில் கரியின் வெப்பம் 40 டிகிரிக்கு மேற்படலாகாது. பெட்டிக்குள் சரக்கின் மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அடுக்கு 1.5 மீட்டர் உயரத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டால், 16 கன மீட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரித்து, நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சுட்ட தேதி, கட்டிய தேதி, கட்டிய நாளின் வெப்பம் ஆகியவற்றைச் சரக்குப் பத்திரத்தில் எழுத வேண்டும். மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமாகச் சுடர் வரைந்த அடையாளத்தைப் பெட்டியின் நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும்.

மேலே நாம் பார்த்த 27 கன மீட்டர்க் கணக்கை மனத்தில் வைத்து இந்த நிபந்தனைகளைப் படித்தால், இவை எழுத்தர்களின் பிடிவாதத்தால் பிறந்தவை அல்ல என்பது புலனாகும். குவியலைச் சிறிதாக்குவது, வெப்பத்துக்கு வழி விடுவது, ஆறிய பின்னரே கட்டுவது என்ற மூன்றே நோக்கங்கள் இவற்றில் உள்ளன. வைக்கோற்போர் போடத் தெரிந்த எவருக்கும் இவை புரியும்.

சில ஆட்சேபணைகள்

நமது முன்னோர் வண்டி வண்டியாகக் கரி ஏற்றினார்களே, அப்போது என்ன கெட்டுப்போயிற்று என்று சிலர் கேட்பார்கள். மாட்டு வண்டி திறந்தது, காற்றுப் பட்டது, சுமை சிறியது, புகை கண்டால் வண்டிக்காரர் இறங்கி மூட்டையைக் கீழே தள்ளிவிடலாம். கப்பலில் பூட்டிய பெட்டிகளின் மேல் பெட்டிகளாக அடுக்கி, ஒரு மாதம் கடலில் போகும் சரக்குக்கு அந்த வசதி கிடையாது.

அபாயப் பொருள் என்று எழுதினால் கூலி கூடும், சில கப்பல்கள் ஏற்றவே மறுக்கும் என்பது இரண்டாவது ஆட்சேபணை. இதில் உண்மை உண்டு. கூலி கூடத்தான் செய்யும். ஆனால் மறைத்தால் மிச்சம் என்று எண்ணுவதும் தவறு. யாண்டியன் எக்ஸ்பிரஸ் கப்பலை நடத்திய ஹபாக்-லாய்ட் நிறுவனம், அபாயச் சரக்கைத் தவறாக அறிவிப்போருக்குப் பெட்டி ஒன்றுக்கு 15,000 அமெரிக்க டாலர் அபராதம் என்று அதே ஆண்டு செப்டம்பர் முதல் விதித்தது. ஒரு பெட்டிக் கரியின் விலையே அவ்வளவு தேறுமா என்பதை அங்கத்தினர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பொய்ப் பத்திரத்தால் விபத்து நேர்ந்தால் அதன் பொறுப்போ அபராதத்தோடு முடிவதன்று.

பெயர் எழுதுவது ஏற்றுமதி செய்யும் வியாபாரியின் கடமை, சுட்டுக் கொடுப்பதோடு நமது வேலை முடிந்தது என்பது மூன்றாவது ஆட்சேபணை. இதுவே மிகவும் அபாயமானது. கரி என்றைக்குச் சுட்டது, என்றைக்கு இடித்தது என்பது சுட்டவருக்கு மட்டுமே தெரியும். பத்து மூட்டக்காரர்களிடம் வாங்கி ஒன்றாகக் கொட்டும் வியாபாரி எந்தத் தேதியை எழுதுவார்? உண்மை தொடங்க வேண்டிய இடம் மூட்டம். அங்கே இல்லாத தேதி துறைமுகத்தில் முளைத்தால், அது கற்பனைத் தேதியாகவே இருக்கும்.

நான்காவதாக ஓர் ஆட்சேபணை உண்டு, அது நியாயமானது. 14 நாட்கள் சரக்கை முடக்கி வைத்தால் சிறு உற்பத்தியாளர் அதுவரை எதைக் கொண்டு சாப்பிடுவது? பெரிய முதலாளிக்கு இரண்டு வாரம் ஒரு பொருட்டன்று. அன்றாடங்காய்ச்சிக்கு அது பெரும் சுமை. இந்தச் சுமைதான் ஆறாத கரியை அவசரமாக விற்கத் தூண்டுகிறது. வெறும் உபதேசத்தால் இதை நீக்க முடியாது. கூட்டுறவு முறையால் நீக்கலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

நமது கருத்தில், இந்தத் தொழிலில் இறங்க விரும்பும் எந்தச் சங்கமும் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்த பிறகே முதல் மூட்டத்துக்குத் தீ வைக்க வேண்டும். ஏரிப் புறம்போக்கிலுள்ள மரத்தை வெட்டுவதற்கு உரிய அனுமதி பெறுவது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது.

முதலாவது, பொதுக் களம். மேலே கூரையும் நான்கு பக்கமும் திறப்பும் உள்ள கொட்டகை ஒன்று போதும். குடியிருப்புக்கும் வைக்கோற்போருக்கும் தள்ளி அது அமைய வேண்டும். ஒவ்வொரு மூட்டத்துக் கரியையும் தனித்தனியே தாழ்வாகப் பரப்பி, தேதி எழுதிய பலகை நட வேண்டும். கரியை இடிப்பதானால், இடித்த பிறகே ஆறவிடும் நாட்களை எண்ணத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது, ஈட்டுக்கடன். நெல்லையும் கடலையையும் கிடங்கில் வைத்து, அதன் பேரில் விவசாயிக்கு முன்பணம் கொடுப்பது கூட்டுறவு விற்பனைச் சங்கங்களுக்குப் பழகிய முறையே. களத்தில் ஆறும் கரிக்கும் அந்த முறையை நீட்டலாம். மூட்டம் பிரித்த அன்றே மதிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டால், 14 நாள் காத்திருப்பு ஒருவர் தலையில் விழாமல் எல்லோர் தோளிலும் பரவும். ஆறாத கரியை விற்கும் ஆசையும் தானே அடங்கும்.

மூன்றாவது, பேரேடு. சுட்டவர், சுட்ட தேதி, இடித்த தேதி, களத்தில் வைத்த நாட்கள், கட்டிய நாளின் வெப்பம் ஆகிய ஐந்தும் அதில் ஏற வேண்டும். வெப்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதலாகாது. நீண்ட கம்பி முனையுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு குளிர்ந்திருப்பது நடுவைப் பற்றி ஒன்றும் கூறாது.

நான்காவது, மூட்டையும் பயிற்சியும். அபாயச் சரக்குக்கு உரிய மூட்டைகளைச் சோதித்துச் சான்று வழங்கும் இந்திய பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. சாக்கு வாங்குமுன் அதன் ஆலோசனையைப் பெற வேண்டும். மூட்டை கட்டுவோர், பெட்டியில் அடுக்குவோர், பத்திரம் எழுதுவோர் ஆகியோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கடல்வழி விதி. சாலை வழியே அபாயச் சரக்கு ஏற்றும் லாரிக்கும் ஓட்டுநருக்கும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவுகள் உள்ளன. பெட்டியை நிழலில் நிறுத்தி, காலை வேளையில் சரக்கு ஏற்றுவதும் நன்று.

ஐந்தாவது, தொழிலாளர் பாதுகாப்பு. கரித்தூசி நுரையீரலுக்குப் பகை. முகமூடியின்றி இடிக்க விடலாகாது. மூடிய கிடங்கிலும் பெட்டியிலும் கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது. கனல் இருந்தால் மணமற்ற நச்சுப் புகையும் சேரும். ஆகையால் பல நாள் பூட்டிக் கிடந்த கரிக் கிடங்கைத் திறந்தவுடன் உள்ளே ஆளை அனுப்புவது கூடாது. நன்றாகக் காற்றோட்டம் ஏற்பட்ட பின்னரே, வெளியே துணை ஆள் நிற்க, உள்ளே செல்ல வேண்டும்.

அரசாங்கத்தினிடமும் நாம் சில கேட்க உரிமையுண்டு. கரி ஏற்றுமதி விதிகள் எளிய தமிழில் அச்சாகி, மூட்டம் போடும் கிராமங்கள் வரை வந்து சேர வேண்டும். பயிற்சி வகுப்புகள் துறைமுக நகரங்களோடு நின்றுவிடாமல் வட்டத் தலைநகரங்களுக்கும் வர வேண்டும். ஆறவிடும் களங்களுக்கும் வெப்பமானிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உதவித்தொகை அளிக்க வேண்டும். விதியின் சுமையைச் சிறியவர் மீது இறக்கிவிட்டு, அதைச் சுமக்கும் வழியை மட்டும் காட்டாதிருப்பது நீதியாகாது.

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் பொறித்த சாசனங்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை. குடவோலையைப் பற்றியே பெரிதும் பேசுகிறோம். அவற்றில் இந்த இதழின் விஷயத்துக்குப் பொருந்தும் இரண்டு செய்திகள் உண்டு. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். பொன்னின் மாற்றுப் பார்ப்பதற்கென்று தனியே ஒரு வாரியமும் இருந்தது. பொருளின் தரத்தைச் சோதிப்பதையும் அதற்குக் கணக்குச் சொல்வதையும் தனி மனிதரின் நேர்மைக்கு விட்டுவிடாமல், ஊர்ப் பொறுப்பாக அவர்கள் வைத்திருந்தார்கள். கரிக்கும் அத்தகைய பொதுப் பொறுப்புத்தான் தேவை.

கரி செய்து விற்பதா, வேண்டாமா என்பதை அங்கத்தினர்கள் தத்தம் நிலத்தையும் வசதியையும் பார்த்துத் தீர்மானிக்கட்டும். விற்பதானால் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வர வேண்டும் என்பது நமது யோசனை. களத்தில் 14 நாள் ஆறாத கரி, பேரேட்டில் தேதி ஏறாத கரி, 1361 என்ற எண்ணும் 4.2 என்ற வகுப்பும் எழுதப்படாத கரி ஆகியவற்றின் ஒரு மூட்டையேனும் சங்கத்தின் பெயரால் வெளியே போகலாகாது; வேறு பெயரில் வாங்க வரும் வியாபாரி எவ்வளவு கூடுதல் விலை கொடுத்தாலும் அவருக்கு விற்பதில்லை. இந்தத் தீர்மானத்தை ஏற்க இயலாத சங்கம், கருவேலத்தை விறகாகவே விற்றுக்கொள்வது மேல்.